தலைக்கு ஒரு ஓமர்

‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்பதற்கு, எகிப்தைவிட்டு வந்த இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் தேவன் கொடுத்த உணவான மன்னாவைத்தான் அடிக்கடி உதாரணம் காட்டுகிறோம், ஏதோ வானத்திலிருந்து நேராக வாயில் விழுந்ததுபோல. வேதாகமத்தில் அதைச் சொல்லும் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் தெரியும், அது ஒரு ரேஷன் முறை. அதற்கு அளவு உண்டு, நேரம் உண்டு, விடுமுறை நாளும் உண்டு.

அளவு, தலைக்கு ஒரு ஓமர். ஓமர் என்பது எப்பா என்ற எபிரெய முகத்தலளவையில் பத்தில் ஒரு பங்கு. சுமார் 2 லிட்டர். நம் ஊர் லிட்டர் படியால் இரண்டு படி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் இருக்கும் கூடாரத்துக்குத் தினமும் பத்துப் படி. அதுவும் கொத்தமல்லி விதையளவில் தரையில் கிடப்பதைப் பனி நீங்கியதும் குனிந்து பொறுக்க வேண்டும். வெயில் ஏறினால் உருகிவிடும். பொறுக்கியதோடு வேலை முடியவில்லை. ஏந்திரத்தில் அரைப்பார்கள் அல்லது உரலில் இடிப்பார்கள், பிறகு சட்டியில் சமைப்பார்கள், அப்பம் சுடுவார்கள் என்கிறது எண்ணாகமம் 11. கொடுத்தது தேவன்தான், ஆனால் மாவாக்கித் தரவில்லை.

ருசி, தேனிட்ட பணிகாரம்போல என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. உடனே குழிப்பணியாரத்தை நினைக்க வேண்டாம். எபிரெயச் சொல் மெல்லிய, தட்டையான அப்பத்தைக் குறிக்கிறது. சீனாயில் தமரிஸ்க் மரத்துப் பூச்சிகள் சுரக்கும் இனிப்புத் துளிதான் மன்னா என்று விளக்குவோரும் உண்டு. அது கோடைத் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும் கிடைப்பது. நாற்பது வருஷம் மன்னா சாப்பிட்டார்கள் என்ற கணக்குக்கும், ஓய்வுநாளுக்கு முந்தின ஆறாம் நாளில் இரட்டிப்பாகக் கிடைத்ததற்கும் அந்த விளக்கம் எட்டாது.

தவறு நடந்தது இரண்டு இடத்தில். விடியும்வரை வைக்கக் கூடாது என்று அவர்களை நடத்திய மோசே சொல்லியும் சிலர் மீதி வைத்தார்கள். பூச்சி பிடித்து நாறியது. சிலர் ஓய்வுநாளான ஏழாம் நாளும் பொறுக்கப் போனார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறாம் நாள் தலைக்கு இரண்டு ஓமர் சேர்த்து, சுடுவதைச் சுட்டு, வேவிப்பதை வேவித்து மீதியை வைத்தபோது மட்டும் அது கெடவில்லை. அதே மன்னாதான். நாற்றத்துக்குக் காரணம் பண்டத்தில் இல்லை, நாளைக்குக் கிடைக்குமோ என்ற பயத்தில் இருந்தது. இரக்கத்தை நான் பார்ப்பது இங்கேதான்: மோசே கோபப்பட்டான், ஆனாலும் பதுக்கியவனுக்கு மறுநாள் பங்கு நிறுத்தப்பட்டதாக ஒரு வரியும் இல்லை. கெட்டது பதுக்கிய மன்னா மட்டும்.

அதே அதிகாரத்தின் 18-ஆம் வசனத்தைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். ஓமரால் அளந்தபோது அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. வயதானவரும் கைக்குழந்தைக்காரியும் எவ்வளவு பொறுக்கியிருக்க முடியும்? ஆனாலும் அவர்கள் கூடாரத்திலும் தலைக்கு ஒரு ஓமர்தான். அளக்கும்போது அற்புதமாகச் சரியானதா, கூடுதலைக் குறைந்தவனோடு பகிர்ந்தார்களா என்பது பழைய விவாதம். அப்போஸ்தலன் பவுல் இந்த வசனத்தை எடுப்பது எருசலேம் பரிசுத்தவான்களுக்கான, அதாவது அங்குள்ள விசுவாசிகளுக்கான, காணிக்கையைப் பற்றி எழுதும் இடத்தில் (2 கொரிந்தியர் 8:15). உங்களிடம் மிஞ்சுவது அவர்கள் குறைவுக்கு உதவட்டும் என்கிறார். அதற்கும் முறை வைத்திருந்தார்: வாரத்தின் முதல்நாளில் அவனவன் வரவுக்குத் தக்கதாகத் தன்னிடத்தில் சேர்த்துவைக்க வேண்டும், பணத்தில் யாரும் குறை சொல்லாதபடி தன் உடன் ஊழியன் தீத்துவோடு வேறு இரண்டு சகோதரரும் போக வேண்டும். பிரசங்கங்களில் மன்னா வருமளவுக்கு இந்தக் கணக்கு வழக்கு வருவதில்லை.

மன்னா நின்ற நாளும் பதிவாகியிருக்கிறது. கானானுக்குள் வந்து, கில்கால் என்ற இடத்தில், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையை ஆசரித்தார்கள். மறுநாள் கானான் தேசத்துத் தானியத்தில் புளிப்பில்லாத அப்பமும் வறுத்த தானியமும் சாப்பிட்டார்கள். அதற்கடுத்த நாள் காலையில் பொறுக்க ஒன்றுமில்லை. வயல் இருந்தது.