சிரிப்புக்கு முன்னால் அரை நொடி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தமிழ்க் குடும்பம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் டிவி முன்னால் உட்கார்ந்தால், அந்த ஒரு சோபாவில் மூன்று விதமான காதுகள் இருக்கும். ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, தமிழ் புரியும், பேசவும் வரும். மகனுக்குப் பாதி புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலமும், பள்ளியிலும் தெருவிலும் கற்ற கொஞ்சம் ஜூலு மொழியும். இப்படிப்பட்ட வீட்டுக்காக சிட்காம், அதாவது டிவி நகைச்சுவைத் தொடர், இயக்குகிறவருக்கு முதல் தொல்லை திரையின் அடியில் ஓடும் எழுத்தான சப்டைட்டில்தான்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். தாத்தா வீடு முழுக்க லாட்டோ டிக்கெட்டைத் தேடுகிறார். ஆயா சொல்கிறாள்: "உங்க சட்டைப் பையில இருந்த டிக்கெட்டை நான்…" கொஞ்சம் நிறுத்தி, "…துவைச்சிட்டேன்." தமிழில் வினை கடைசியில் வருவதால் சிரிப்பை வெடிக்கவைக்கும் சொல்லும் கடைசியில் இருக்கிறது. எடுத்து வைத்தாளா, கிழித்தாளா, துவைத்தாளா என்பது கடைசிச் சொல் வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதும்போது வினை முன்னால் போய்விடும். முழு வாக்கியத்தையும் ஒரே சப்டைட்டிலாகப் போட்டால், ஆயா வாயைத் திறந்த கணத்திலேயே 'துவைத்துவிட்டேன்' என்பதைப் பேரன் படித்து முடித்துவிடுவான். அவன் சிரிக்கிற சத்தத்தில் ஆயாவின் கடைசிச் சொல் பெரியவர்களுக்குக் கேட்காது. ஒரே நகைச்சுவை சோபாவின் இரண்டு பக்கத்திலும் கெட்டுப்போகும்.

சப்டைட்டில் போடுகிறவர் தனியாக இதைச் சரிசெய்ய முடியாது. சப்டைட்டிலுக்கு இரண்டு வரிதான் இடம். வரிக்கு ஏறத்தாழ 40 எழுத்து. ஒரு நொடிக்குக் குறைவாக நின்றால் கண் பிடிக்காது. ஆறேழு நொடிக்கு மேல் நின்றால் பார்ப்பவர் இரண்டாம் முறை படிக்கத் தொடங்கிவிடுவார். ஒன்று மறைந்து அடுத்தது வர, குறைந்தது இரண்டு ஃபிரேம் (வீடியோவில் ஓடும் தனித்தனிப் படம்) இடைவெளி வேண்டும். அதனால் வாக்கியத்தை இரண்டாக உடைத்து, 'டிக்கெட்' வரை ஒரு துண்டாகவும் 'துவைத்த' செய்தியை அடுத்த துண்டாகவும் போடுவதுதான் வழி. அப்படி உடைப்பதற்கு நடிப்பில் ஓர் இடைவெளி இருக்க வேண்டும். இங்கே நொடிக்கு 25 ஃபிரேம். பன்னிரண்டு ஃபிரேம், அதாவது ஏறக்குறைய அரை நொடி, ஆயா மூச்சு விட்டால் போதும். அந்த மூச்சை எடிட்டிங்கில் உண்டாக்க முடியாது. தாத்தாவும் ஆயாவும் ஒரே ஷாட்டில் சேர்ந்து நிற்கும்போது நடுவில் எதைச் செருகுவது? ஒத்திகையிலேயே நடிகையிடம் அந்த அரை நொடியைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். 'நிறுத்துங்கள்' என்று சொல்லி வாங்கினால் அது செயற்கையாகத் தெரியும். ஈரச் சட்டையை உதறச் சொன்னால் இடைவெளி தானாக வரும்.

தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியது 1976 ஜனவரி 5ஆம் தேதி. அதற்கு முன் வீட்டுக்கு வந்த நாடகமும் நகைச்சுவையும் வானொலி வழியாகத்தான். வயதானவர்கள் இன்னும் பாதி நிகழ்ச்சியைக் காதால்தான் பார்க்கிறார்கள். கை மாவு பிசைந்துகொண்டிருக்கும், கண் அடுப்பில் இருக்கும். அதனால் ஒத்திகையில் ஒரு முறையாவது இயக்குநர் கேமராப் படம் தெரியும் மானிட்டருக்கு முதுகைக் காட்டி நின்று வெறும் வசனத்தைக் கேட்பது நல்லது. எந்தச் சொல் முழுங்கப்படுகிறது, எந்த இடத்தில் இருவர் ஒரே வேகத்தில் பேசித் தட்டையாகிறது என்பது அப்போதுதான் தெரியும். அமெரிக்க சிட்காம்களில் பெரிய பெயர் எடுத்த இயக்குநர் ஜேம்ஸ் பர்ரோஸும் மானிட்டரை நம்புவதைவிடக் காதை நம்பியவர்.

கேமரா விஷயத்தில் அடிப்படை இன்றும் 1951இல் 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்க சிட்காமுக்கு ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராயிண்ட் அமைத்ததுதான். பார்வையாளர்கள் முன்னால் நாடகம் போல நடக்கும். மூன்று ஃபிலிம் கேமராக்கள் ஒரே நேரத்தில் பிடிக்கும். எந்தக் கோணத்திலும் முகம் தெரியும்படி வெளிச்சம் மேலிருந்து சமமாக விழும். நான்காவது கேமராவைச் சேர்த்துப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று பர்ரோஸைத்தான் சொல்வார்கள். நான்கு இருந்தால் வேலைப் பங்கீடு இப்படி: இடது ஓரக் கேமரா வலது பக்கம் நிற்பவரின் முகத்தைப் பிடிக்கும், வலது ஓரக் கேமரா இடது பக்கத்தவரை. நடுவில் உள்ள இரண்டில் ஒன்று முழு அகலம், மற்றது இருவர் அல்லது மூவர். புதியவர்கள் இதை நேருக்கு நேராக மாற்றிவிடுவார்கள். இடதுக் கேமரா இடது ஆளைப் பிடித்தால் காதும் கன்னமும்தான் கிடைக்கும்.

டர்பன் வீட்டை செட்டாகப் போட்டால் கட்டாயம் வரும் காட்சி துனி என்னும் சீட்டாட்டம். அங்கேதான் இந்தப் பாடம் எல்லாம் சோதனைக்கு வரும். சிட்காமில் சாப்பாட்டு மேசைக்கு மூன்று பக்கம்தான் ஆள் உட்காருவார்கள். நான்காவது பக்கம் கேமராவுக்கு. துனியில் அது நடக்காது. நான்கு பேர் இரண்டு ஜோடி, கூட்டாளிகள் எதிரெதிரே உட்கார வேண்டும். மேசையை நேராகப் போட்டால் ஒருவருடைய முதுகுதான் நிகழ்ச்சி முழுக்கத் தெரியும். மேசையை 45 டிகிரி திருப்பிப் போட்டால் யாருக்கும் முழு முதுகு வராது. தூரத்துப் பக்கம் இருவர் முகத்தைத் திறந்து உட்காருவார்கள். கிட்டத்துப் பக்கம் இருவர் ஓரமாகத் தெரிவார்கள். ஓரக் கேமராக்களை செட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே தள்ளினால் கிட்டத்து ஆட்களின் பக்கவாட்டு முகம் கிடைக்கும். கிட்டத்து நாற்காலிகளின் காலை இரண்டு அங்குலம் வெட்டினால் தூரத்து முகங்களை இவர்கள் தலை மறைக்காது. சிரிப்பூட்டும் முகபாவம் யாருக்கு அதிகமோ அவரைத் தூரத்துப் பக்கம் உட்காரவையுங்கள். ஒன்றும் பேசாமல் சீட்டை மட்டும் வெறிக்கும் மாமா கிட்டத்தில் இருக்கலாம்.

சீட்டும் கவனிக்க வேண்டியது. துனிக்கு 24 சீட்டு, ஆளுக்கு ஆறு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நடிகர் ஏஸைப் போட்டு ஒன்பதை வெட்டியதாகக் காட்டினால் அந்தக் காட்சியின் வசனம் ஒருவர் காதிலும் ஏறாது. ஆறு சுற்றில் எந்தச் சுற்றில் எந்த வசனம் என்று ஸ்கிரிப்டிலேயே எழுதிவிட வேண்டும். செட்டுப் பொருள்களைக் கவனிக்கும் பொறுப்பாளர் நான்கு பேரின் சீட்டையும் நான்கு உறையில் முன்கூட்டியே அடுக்கி, ஒவ்வொரு டேக்குக்கும் (காட்சியை ஒருமுறை பிடிப்பது) முன் படம் பிடித்துவைக்க வேண்டும். பின்பக்கம் ஒரே மாதிரி உள்ள இரண்டாவது சீட்டுக்கட்டும் தேவை. ஒரு சீட்டின் முனை மடங்கினால் போதும், எடிட்டிங்கில் அது தாவித் தாவித் தெரியும்.

ஒரு வாரத்தில் ஒரு பாகம் என்பது பழைய முறை. முதல் நாள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பது, இரண்டாம் மூன்றாம் நாள் செட்டில் ஒத்திகை, நான்காம் நாள் கேமராவோடு, ஐந்தாம் நாள் படப்பிடிப்பு. அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக 22 முதல் 24 நிமிடம்தான் கதைக்கு. முதல் வாசிப்பிலேயே ஸ்டாப்வாட்ச் போட வேண்டும். சிரிப்புக்கு நேரம் விடாமல் வாசித்து 23 நிமிடம் வந்தால், பார்வையாளர்களோடு அது 26 ஆகும். மூன்று நிமிடத்தை அங்கேயே வெட்டிவிடுங்கள். படம் பிடித்த பிறகு வெட்டினால் போவது ரியாக்ஷன்கள், அதாவது கேட்பவர் காட்டும் முகபாவங்கள்தான். வசனம் கதைக்கு வேண்டும் என்று எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

ரியாக்ஷன் போனால் சிட்காம் போயிற்று. வெடிச் சொல்லின் மேலேயே கட் செய்வது அடிக்கடி நடக்கும் தவறு. சொல் முழுதாக விழுந்து எட்டுப் பத்து ஃபிரேம் கழித்துத்தான் கேட்பவர் முகத்துக்குப் போக வேண்டும். முன்னால் போனால் பார்ப்பவர் கண் புது முகத்தைப் பழகிக்கொள்ளும்போது காது சொல்லைத் தவறவிடும். உடம்பால் செய்யும் நகைச்சுவைக்கு மட்டும் கட்டே வேண்டாம். எண்ணெய்த் தரையில் வழுக்கும் அண்ணனைத் தலை முதல் கால் வரை ஒரே ஷாட்டில் காட்டினால்தான் சிரிப்பு. காலை மட்டும் நெருக்கமாகக் காட்டினால் அது விபத்து.

பார்வையாளர்கள் சிரிக்கும்போது நடிகர் எவ்வளவு நேரம் காத்திருப்பது? சிரிப்பு ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும்போது அடுத்த வசனம் வர வேண்டும். முழுதாக அடங்கும் வரை நின்றால் காட்சி குளிர்ந்துவிடும். காத்திருக்கும் நேரத்தில் சிலைபோல நிற்கவும் கூடாது. கைக்கு வேலை வேண்டும். அதனால்தான் இந்த வகை நாடகங்களில் சமையலறை இவ்வளவு முக்கியம். ரொட்டி உருட்டலாம், டீக்கோப்பையைத் துடைக்கலாம். இரண்டாவது டேக்கில் அதே வசனத்துக்கு அதே சிரிப்பு வராது, நகைச்சுவை தெரிந்துவிட்டது. எழுத்தாளரிடம் மாற்று வரி ஒன்று கையில் இருந்தால் இரண்டாம் டேக்கில் அதைக் கொடுக்கலாம். பல நேரம் அதுதான் ஒளிபரப்பில் போகும்.

ஒலி இன்னொரு தலைவலி. கண்ணாடி வளையலும் பட்டுப்புடவையும் சட்டை மைக்குக்கு ஆகாது. அக்கா கையை ஆட்டிப் பேசினால் பாதி வசனம் கிலுகிலு. வளையல்களைக் கழற்றச் சொல்வது சரியல்ல, அந்தப் பாத்திரம் வளையல் இல்லாமல் இருக்க மாட்டாள். உள்பக்கமாகத் தெரியாத டேப் ஒட்டி வளையல்களை ஒரே கட்டாகச் சேர்த்துவிட்டால் சத்தம் நின்றுவிடும். மைக்கை முந்தானை உரசாத பக்கம் மாற்றுங்கள். தட்டுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு துணி. பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றிய உணவு) சாப்பிடும் காட்சி என்றால் விளக்குச் சூட்டில் ரொட்டி சீக்கிரம் ஊறி உடைந்து சாறு கையில் வழியும். கெட்டியாக வற்றவைத்த பருப்பை உள்ளே போட்டு, டேக்குக்கு ஒன்று என்ற கணக்கில் தயாராக வைத்திருக்க வேண்டும். நடிகர் கடிப்பது விரல்நுனி அளவு, அதுவும் தன் வசனத்துக்குப் பிறகு.

மனதைப் பிசையும் விஷயம் ஒன்று உண்டு. டர்பன் இந்தியர்களான நம்மவர் பேசும் ஆங்கிலத்துக்கு ஒரு தனி மெட்டு இருக்கிறது. தமிழும் போஜ்புரியும் ஜூலுவும் உரசி உரசி வந்த மெட்டு. வேறு ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வர வேண்டும் என்று அதை இரண்டு மடங்காக இழுத்துப் பேசச் சொல்லும் பழக்கம் இந்தத் தொழிலில் நெடுங்காலமாக உண்டு. அது நடிகரின் டைமிங்கையே முறித்துவிடும். வாய் மெட்டைக் கவனிக்கும்போது மனம் எதிரில் இருப்பவரைக் கவனிக்காது. ஆயா எப்படிப் பேசுவாளோ அப்படியே பேசட்டும். அவள் சொல்வதில் சிரிப்பு இருக்கட்டும், சொல்லும் விதத்தைக் கேலி செய்ய வேண்டாம். இந்த ஒன்றில் எந்தத் தயாரிப்பாளர் சொன்னாலும் இயக்குநர் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மின்வெட்டு மிக மோசமாக இருந்த 2023இல் படப்பிடிப்புத் திட்டமே மின்வெட்டு அட்டவணைக்கு ஏற்ப மாறியது. ஜெனரேட்டர் இருந்தாலும் மின்சாரம் அதற்கு மாறும் அந்த ஒரு கணத்தில் கேமராக்களுக்கு இடையே மாற்றும் ஸ்விட்சர் அணைந்து எழும். கேமராக்களின் டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பதியும் நேர எண்) ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் போகும், அப்போது யாருக்கும் தெரியாது. எடிட்டிங் மேசையில்தான் ஆயாவின் உதடும் குரலும் விலகி நிற்பது தெரியும். மின்வெட்டு நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே டேக்கை முடித்து, தாங்களே ஜெனரேட்டருக்கு மாறி, எல்லாக் கேமராவிலும் டைம்கோடை மறுபடி பூட்டி, ஒரு கிளாப் அடித்துத் தொடங்குவதுதான் பாதுகாப்பு. செட்டின் தொங்கு விளக்கு, மேசை விளக்குகளில் மலிவான எல்இடி பல்பு இருந்தால் கேமராவில் துடிக்கும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஷட்டர் நொடியில் 50இல் ஒரு பங்கில் இருக்கட்டும், பல்பையும் முன்னாலேயே கேமராவில் பார்த்துவிடுங்கள்.

செலவு கட்டுப்படாதபோது செட்டை விட்டுச் டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் போன்ற குடியிருப்புகளில் உண்மையான வீட்டுக்குள் ஒரே கேமராவோடு போவார்கள். அங்கே சுவர் நகராது, சிரிக்கப் பார்வையாளர்களும் இல்லை. சிரிப்பின் இடத்தை முகம் நிரப்ப வேண்டும், அதனால் ரியாக்ஷன்களை முழுக் காட்சிக்கும் தனியாக ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். பல பாகங்களின் சமையலறைக் காட்சிகளை ஒரே நாளில் எடுப்பதால், எந்தச் சண்டைக்குப் பிறகு இந்தக் காட்சி என்பதை டேக்குக்கு முன் நடிகர்களுக்கு ஒரு வரியில் நினைவூட்ட வேண்டும். விடியலிலும் அந்தியிலும் ஹடீடா பறவைகள் கத்தும், பகல் முழுக்க மைனா. அந்த நேரத்துக்கு வசனம் இல்லாத ஷாட்களை ஒதுக்குங்கள்.

ஒவ்வோர் அறையிலும் வேலை முடிந்ததும் யாரும் அசையாமல் முப்பது நொடி வெறும் அறைச் சத்தத்தைப் பதிவுசெய்ய வேண்டும். வசனங்களுக்கு நடுவே எடிட்டர் விடும் அந்த அரை நொடிகளுக்கு அடியில் போடுவது இதைத்தான். அதற்கு வீட்டுக்காரரின் ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும். அணைக்கிறவர் தன் கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், மறுபடி போடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.