செவ்வரத்தையும் சோழகமும் மாமியின் கேற்றும்

ஆடி மாதம் யாழ்ப்பாணத்தில் பூவைக் கிட்டப் போய்ப் படம் எடுக்க நினைக்கிறவர் முதலில் சோழகக் காற்றோடு பேசித் தீர்க்க வேண்டும். வெயில் ஏறத் தொடங்கினால் அதுவும் தொடங்கிவிடும். பொழுதுபட்டாலும் லேசில் விடாது. கோண்டாவிலில் எங்கள் வேலியோரம் ஒரு செவ்வரத்தை நிற்கிறது. வெறுங்கண்ணுக்குச் சும்மா தலையாட்டுவதுபோலத்தான் தெரியும். மக்ரோ லென்ஸுக்குள் பார்த்தால் பூ இந்தப் பக்கத்தால் வந்து அந்தப் பக்கத்தால் போய்க்கொண்டிருக்கும்.

பூ எவ்வளவு பெரிதோ அதே அளவில் கமராவின் சென்சரில் விழுமட்டும் நெருங்கினால், லென்ஸின் துவாரத்தை எஃப் 8இல் வைத்தாலும் தெளிவாக வருவது ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் ஆழம்தான். செவ்வரத்தையின் நடுத்தண்டோ விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள், அதற்குக் கீழே மஞ்சள் மகரந்தம். பொட்டைப் பிடித்தால் மகரந்தம் கரைந்துபோகும். மகரந்தத்தைப் பிடித்தால் பொட்டைக் காணோம். சரி, துவாரத்தைச் சுருக்குவோம் என்று எஃப் 22க்குப் போனால் வெளிச்சம் போதாது, படமும் மொத்தமாக மழுங்கும். ஓட்டோ போக்கஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிக் களைத்து, கடைசியில் கொடியில் காயும் அப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் ஒவ்வொரு நூலும் அப்படித் துல்லியம்!

ஆகவே கையால்தான் போக்கஸ். வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை மட்டும் ஒரு நூல் முன்னே, ஒரு நூல் பின்னே ஆட்டி, பொட்டு பளிச்சென்று வரும் கணத்தில் அமத்த வேண்டும். காற்று விழுந்து கிடக்கும் விடியற்காலைதான் இதற்குத் தோது.

அங்கேதான் சிக்கல். விடியற்காலையில்தான் அம்மம்மா சாமிக்குப் பூப் பிடுங்குவா. நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறிவிட்டால் திருவிழா நடக்கும் 25 நாளும் மரத்தில் ஒரு பூ மிஞ்சாது. செவ்வரத்தையும் ஒருநாள் பூ. நாளைக்குப் பார்ப்போம் என்று விடவும் முடியாது.

அன்றைக்கும் பூக்கூடையோடு வந்தா. நான் முழங்காலில் நின்று, முகத்தைப் பூவுக்குள் விடாத குறையாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவ வாய் திறந்த பிறகுதான் விளங்கியது.

"ஐயோ, மணந்து போட்டியே! இனி அதைச் சாமிக்கு வைக்கேலாதடா."

மணக்கவில்லை அம்மம்மா, படம் எடுக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவ அந்தப் பூவை விட்டுவிட்டுப் பக்கத்துக் கொப்புக்குப் போனா. இதைவிடப் பாதுகாப்பு வேறு என்ன வேண்டும்? நல்ல பூ இன்னும் நாலைந்து இருந்தன. அவ திரும்புவதற்குள் எல்லாவற்றுக்கும் கிட்ட மூக்கைக் கொண்டுபோய்விட்டு வந்தேன்.

அதற்குள் காற்று எழும்பிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமி, உடுப்புக் கொடியில் இருந்த கிளிப் இரண்டைக் கழற்றிக்கொண்டு வந்தா. ஒரு கதியாலை ஊன்றி, கொப்பை அதோடு சேர்த்துக் கவ்வவிட்டா. காற்று வரும் பக்கம் சுளகைப் பிடித்துக்கொண்டும் நின்றா. இதற்கென்றே வெளிநாட்டில் கவ்விக் கம்பிகள் விற்கிறார்கள். மாமிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. ஷட்டரை 1/500 செக்கனில் வைத்து அமத்தினேன். ஐந்து பொட்டும் வந்தன. ஒவ்வொன்றிலும் வெல்வெட் துணிபோல மெல்லிய மயிர், அதில் ஒட்டிய மகரந்தத் தூள்வரை தெரிந்தது.

பெருமையோடு மாமிக்குக் காட்டினேன். கமராவைக் கிட்டப் பிடித்து, தூரப் பிடித்து, சரித்துப் பிடித்துப் பார்த்தா.

"பூ வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனால் பின்னாலை எங்கடை புதுக் கேற் ஒண்டும் தெரியேல்லையே. கனடாவிலை மச்சானுக்கு அனுப்பலாம் எண்டெல்லோ சுளகு பிடிச்சனான்."