கருவாட்டுக் களம் வரைபடத்தில் அரை மில்லிமீட்டர்

1:25,000 அளவு வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். ராமநாதபுரம் மாவட்டக் கரையில், மோர்ப்பண்ணையிலோ பாம்பனிலோ 12 மீட்டர் அகலத்தில் கருவாடு காயப்போடும் களம் ஒன்று இருந்தால், அந்தத் தாளில் அது அரை மில்லிமீட்டர். பேனா முனையை வைத்தால் மறைந்துவிடும். அரசு தயாரிக்கும் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்தின் அடிப்படை வரைபடம் இந்த அளவில்தான் தயாராகிறது. ஆனால் 2019 ஜனவரி 18 தேதியிட்ட சி.ஆர்.இசட். (கடற்கரை ஒழுங்குமுறை மண்டல) அறிவிக்கை, மீனவக் கிராமம், அவர்களுடைய பொதுச் சொத்து, படகுத்துறை, ஐஸ் பிளான்ட், கருவாட்டுக் களம் எல்லாவற்றையும் திட்டத்தில் தெளிவாகக் காட்டச் சொல்கிறது. காட்டாமல் விட்ட இடம் பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் மணல்தான்.

அதே அறிவிக்கையில் உள்ளூர் அளவிலான வரைபடத்துக்கு 1:3,960 அல்லது அதற்கு நெருங்கிய அளவு சொல்லப்பட்டிருக்கிறது. இந்த விசித்திரமான எண் பழைய கிராம வரைபடக் கணக்கு: ஒரு மைலுக்கு 16 அங்குலம். அந்தத் தாளில் நம் களம் 3 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியும், விரல் வைத்துக் காட்டலாம். ஊர் தயாரிக்க வேண்டியது இந்த அளவு வரைபடத்தைத்தான். கையில் இருக்கும் செல்போனே அதற்குப் போதும்.

போனில் படிவம் நிரப்பித் தகவல் சேர்க்கும் கோபோ டூல்பாக்ஸ் இலவசம், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். படிவத்தில் ஆறு கேள்விக்கு மேல் வேண்டாம்: என்ன இடம், யார் பயன்படுத்துகிறார்கள், எந்தெந்த மாதம், புல எண் (சர்வே எண்) தெரிந்தால் அது, புகைப்படம், எல்லை. கேள்வி கூடக் கூட, வெயிலில் நிற்பவர் கடைசி மூன்றையும் 'தெரியாது' என்று தட்டிவிட்டுப் போய்விடுவார்.

எல்லை எடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். போனைக் கையில் பிடித்தபடி களத்தைச் சுற்றி நடந்தால் கோடு ரம்பப் பல்லாக வரும். சின்ன இடம் என்றால் ஒவ்வொரு மூலையிலும் நின்று, போன் காட்டும் துல்லியம் 5 மீட்டர் அல்லது அதற்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து புள்ளி வையுங்கள். தகரக் கொட்டகைக்குள்ளே, பனங்கூட்டத்துக்கு நடுவே, சுவரை ஒட்டி நின்றால் இறங்கவே இறங்காது. இரண்டு எட்டு வெளியே வந்து நிற்க வேண்டும். டேட்டா இல்லாத இடத்தில் முதல் புள்ளி கிடைக்கச் சில நிமிடம் ஆகும். போன் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியிலிருந்து எண் எழுதி வாங்கினால் கவனம். அது பெரும்பாலும் பாகை, நிமிடம் என்று காட்டும். போன் தசமத்தில் காட்டும். 9 பாகை 28 நிமிடத்தை அப்படியே 9.28 என்று எழுதினால் புள்ளி 20 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய்விடும். நிமிடத்தை 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்ட வேண்டும்: 9.4667. தசமத்துக்குப் பிறகு ஐந்து இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர் அளவுக்குச் சரி. நான்கு என்றால் 11 மீட்டர் வரை ஆடும், அதாவது களமே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் ராமேஸ்வரம் வடதுருவப் பக்கம் கடலில் மிதக்கும். இது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய தப்பு. 20 கிலோமீட்டர் தப்பு அப்படியல்ல. அது கடலில் விழலாம், அங்கே ஒரு படகு நின்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதனுள் இருக்கும் இடக்குறிப்பு அழிந்துவிடும். 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் நிற்கும்.

புல எண் ஒட்ட, கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பொருத்த வேண்டும். குறைந்தது நான்கு அடையாளப் புள்ளிகள், ஒரே மூலையில் குவியாமல் நாலாபக்கமும். எல்லைக்கல், பழைய கிணறு, கோயில் அல்லது தர்கா அல்லது சர்ச் சுவர் மூலை எல்லாம் நல்ல அடையாளங்கள். கரைக்கோட்டை அடையாளமாக வைக்கவே வைக்காதீர்கள். வரைபடம் போட்ட காலத்துக் கரை இன்றைக்கு அதே இடத்தில் இருக்காது. ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவில் சேமிப்பதும் வேண்டாம். அதில் அட்டவணையின் பத்தித் தலைப்புக்கு 10 பைட்தான். தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் போவதால் மூன்று குறியீட்டோடு வெட்டிவிடும். ஜியோபேக்கேஜ் வடிவம் போதும்.

இனி மென்பொருளுக்கு வெளியே உள்ள விஷயம், எனக்கு இதுதான் முக்கியம். இந்தக் கரைக்கு இரண்டு கடல். வாடைக்காற்றில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். கச்சானில், அதாவது தென்மேற்குக் காற்றில், மன்னார் வளைகுடாப் பக்கம். படகு ஏற்றும் இடமும் வலை காயும் இடமும் அதற்கேற்ப மாறும். ஒரே மாதத்தில் எடுத்த வரைபடம் பாதி ஊரைத்தான் காட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் கூட்டம் போடுவது சுலபம், விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள். ஆனால் அப்போது படகு நிற்கும் இடத்தைக் குறித்தால் அது தடைக்கால இடம் மட்டுமே. குறைந்தது இரண்டு பருவம் எடுத்து, மாதத்தைக் கண்டிப்பாக எழுதுங்கள். கடல் ஏறும் எல்லையை எடுப்பதானால் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில் எடுக்கவும். உயர் அலைக் கோடு என்பது அந்த நாள்களின் பெரிய கடலேற்றத்தின் போது நீர் தொடும் இடம்தானே.

போன் ஆண்கள் கையில் இருப்பதால் வரைபடமும் ஆண்களுடையதாகிவிடும். கடற்பாசி எடுக்கும் பெண்கள் இறங்கும் வழி, மணலில் தோண்டிய குடிநீர் ஊற்று, மீன் பிரிக்கும் நிழல், இவை விட்டுப்போகும். அவர்களோடு தனியாக, அவர்கள் கடலுக்குப் போகாத நாளில் உட்கார வேண்டும்.

எல்லாவற்றையும் குறிக்கவும் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பாசி எடுக்கும் இடத்தைத் தீவுக்கு அருகே புள்ளி வைத்து இணையத்தில் ஏற்றினால், அந்தப் பெண்கள் மேல் வழக்குப் போட நாமே சாட்சி தயாரித்துக் கொடுத்தது போலாகிவிடும். மீன் விழும் பார் (கடலடிப் பாறைத் திட்டு), ஆவுளியா (கடற்பசு) மேயும் புல்வெளி ஆகியவற்றின் புள்ளிகளும் பொதுவெளிக்குப் போக வேண்டாம். அவை தனி அடுக்கில் ஊரோடு இருக்கட்டும். எது வெளியே போகலாம் என்று தீர்மானிப்பது ஊர்க்கூட்டம், வரைபடம் போட்டவர் அல்ல.

பிறகு ஒரு பெரிய பிரிண்ட், ஏ1 அளவில். தரையில் விரித்து பேனாவைக் கையில் கொடுங்கள். திரையைப் பார்த்துத் தலையாட்டுகிறவர் தாளில் 'இது தப்பு' என்று கோடு போடுவார். திருத்திய வரைபடத்தை, புல எண் பட்டியலோடு கிராம சபையில் தீர்மானமாக்கலாம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ராமேஸ்வரம் நகராட்சி, மண்டபம் பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. கவுன்சிலர் மூலம் மன்றத்தில் வைக்க வேண்டும்.

ஏதாவது பெரிய திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் கருத்துக்கேட்பு வந்தால், 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, திட்டச் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். கூட்டத்துக்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு இல்லை. பத்துப் பேர் வந்தாலும் நடந்ததாகவே பதிவாகும். ஆகவே வரைபடமும் தீர்மான நகலும் எழுத்தில் கொடுத்து, தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புதல் வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் நடத்திய வாக்கெடுப்பை ஆதாரமாக வைக்காதீர்கள். யார் எந்த ஊர் என்று ஒரே கேள்வியில் உதிர்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று. கோபோ கணக்கை ஆர்வமுள்ள பையன் ஒருவனுடைய சொந்த மின்னஞ்சலில் திறக்காதீர்கள். அவன் துபாய்க்கு விமானம் ஏறினால் ஊரின் வரைபடமும் கூடவே ஏறிவிடும். மீனவர் சங்கத்தின் பெயரில் மின்னஞ்சல், கடவுச்சொல் சங்கப் பதிவேட்டில் ஒட்டிய உறைக்குள், கோப்பின் நகல் மூன்று பென்டிரைவில், மூன்றும் மூன்று வீட்டில்.