நேத்து தான் வாயத் திறந்தேன்

8 வருஷமா ஒரே ஆபீஸ், ஒரே டீ டைம், ஆனா நான் இயேசுவை நம்புறவன்னு கூட வேலை பார்க்குற அக்காகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஞாயித்துக்கிழமை எங்கப்பா போனன்னு கேட்டா சும்மா வெளிய போயிருந்தேன்ம்பேன். மதம் மாத்த வந்துட்டான்னு நினைச்சிருவாங்களோன்னு அவ்ளோ பயம்.

இப்ப அவங்க அம்மா ஐசியூல. நேத்து ராத்திரி பார்க்கப் போனேன், வராண்டால பிளாஸ்க்க மடியில வச்சுகிட்டு மூடியத் திறக்குறாங்க மூடுறாங்க திறக்குறாங்க, டீ ஊத்தவே இல்ல. எனக்கு தொண்டை வறண்டு போச்சு, கை நடுங்குது, அப்படியே "அக்கா, அம்மாவுக்காக ஜெபம் பண்ணட்டுமா"ன்னு கேட்டுட்டேன். "பண்ணுப்பா"ன்னு என் கையப் புடிச்சுகிட்டாங்க. ரெண்டு நிமிஷம் கூட இருக்காது.

வீட்டுக்கு வந்து தூக்கம் வராம பைபிள்ல யோவான் புத்தகத்த எடுத்து வாசிச்சேன். 18ம் அதிகாரத்துல இயேசுவோட சீஷன் பேதுரு குளிர்காய்ஞ்சுகிட்டே இயேசுவை தெரியாதுன்னு சொல்ற எடத்துல கரிநெருப்பு, 21ல உயிர்த்தெழுந்த ஆண்டவர் மீன் வச்சு சாப்பிட வாங்கன்னு கூப்பிடுற எடத்துலயும் அதே கரிநெருப்பு. ஏன்டா மறுதலிச்சன்னு கேக்கவே இல்ல, என்மேல அன்பா இருக்கியான்னு தான் 3 தடவை கேட்டார். அழுதுட்டேன். இயேசுவைப் பத்தி ஊர் ஊரா போய் சொன்ன பவுலே கொரிந்து ஊருக்கு பயத்தோடயும் நடுக்கத்தோடயும் தானே வந்தேன்னு எழுதியிருக்காரு (1 கொரி 2:3), அப்புறம் நான் எந்த மூலைக்கு.

காலைல அக்கா போன். "நேத்து ஜெபம் பண்ணியே, அதை அம்மா பக்கத்துல வந்து பண்ணுவியா?"

சாயந்தரம் போறேன். இப்பவும் கை நடுங்குது. ஜெபிச்சுக்கோங்க.