ரிஷ்லியு கப்பலுக்கான முன்வேலை: ஒரு புதுச்சேரி நாட்குறிப்பு

2025 ஜனவரி 5, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த நவம்பர் 30 இரவில் எங்கள் முத்தியால்பேட்டை வீட்டுக் கூடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை அது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த என் எம்டன் மாதிரிக் கப்பல் விடியும்வரை ஊறிக்கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்க்கும் துணிவு இன்றுதான் வந்தது. அடிப்பலகையின் பிளைவுட் உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கிறது. தளத்தைச் சுற்றி ஒட்டிய பித்தளைத் தடுப்புக் கம்பிகளில், சாம்பல் வண்ணத்துக்கு அடியிலிருந்து பச்சைக் களிம்பு கிளம்பி வண்ணத்தைத் தூக்கிவிட்டிருக்கிறது.

வெள்ளத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தண்ணீர் எட்டாத மேல்தளத்துக் கம்பிகளிலும் அதே களிம்பு இருந்தது. விரல் வியர்வை பட்ட பித்தளையைக் கழுவாமல், பிரைமர் என்னும் அடிப்பூச்சும் அடிக்காமல், நேராக வண்ணம் பூசியது நான். கடற்கரையிலிருந்து நடை தூரத்தில் உள்ள வீட்டில் அதற்கு மூன்று ஆண்டு ஆயுளே மிகுதி.

எம்டன் 118 மீட்டர் நீளமுள்ள, குரூசர் வகைச் சிறிய போர்க்கப்பல். 350இல் ஒரு பங்கு அளவில் 34 செ.மீ. அடுத்ததாக ஒரு பெரும்போர்க்கப்பலைக் கட்டுவது என்று தீர்மானித்திருக்கிறேன். இம்முறை கத்தியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளை எழுதி வைத்துக்கொண்டே செய்வதாக உத்தேசம்.

ஜனவரி 12, ஞாயிறு

எந்தக் கப்பல் என்பதில் ஒரு வாரம் போயிற்று. இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் எவரும் முதலில் பார்ப்பது ஜப்பானின் யமாட்டோவைத்தான்; 263 மீட்டர் நீளம், 46 செ.மீ. பீரங்கிகள் ஒன்பது. அடுத்தது ஜெர்மனியின் பிஸ்மார்க். இரண்டுக்கும் கடையில் கிடைக்காத துணைப்பொருளே இல்லை என்பதாலேயே எனக்கு அவற்றில் மனம் ஒட்டவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் கட்டிய கப்பலை நானும் ஒருமுறை கட்டி என்ன ஆகப்போகிறது?

கடைசியில் பிரெஞ்சுக் கப்பலான ரிஷ்லியுவில் வந்து நின்றேன். புதுச்சேரிக்காரனின் ஊர்ப்பாசம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். 1940 செப்டம்பரில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் பணிந்த பிறகும் போரைத் தொடர்ந்த தளபதி தெ கோல் பக்கம் ஆளுநர் லூயி போன்வேன் இந்த ஊரைச் சேர்த்தார். அதே மாதத்தில், ஆப்பிரிக்காவின் தக்கார் துறைமுகத்தில், தெ கோலோடு சேர்ந்து வந்த பிரிட்டிஷ் கடற்படையை எதிர்த்து, பணிந்துபோன விசி அரசின் பக்கம் நின்று இந்தக் கப்பல் சுட்டுக்கொண்டிருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1944 ஏப்ரலில், அதே கப்பல் பிரிட்டிஷ் கடற்படையோடு சேர்ந்து திருகோணமலையில் நங்கூரமிட்டு நின்றது. நம் கடற்கரைச் சாலையில் நின்று பார்க்கும் இதே கடல்தான் அது.

வடிவமும் ஒரு காரணம். 380 மி.மீ. பீரங்கிகள் எட்டும் முன்பக்கத்திலேயே, சுழல்மேடைக்கு நான்காக, இரண்டு மேடைகளில் அமைந்திருக்கின்றன. கனத்த கவசம் மூட வேண்டிய நீளத்தைக் குறைத்து எடையை மிச்சப்படுத்தவே அப்படிச் செய்தார்கள். ஒரே அடியில் நான்கு பீரங்கிகளும் ஓய்ந்துவிடக் கூடாதே என்பதற்காக ஒவ்வொரு மேடையின் உள்ளேயும் நடுவில் கவசச் சுவர் ஒன்று உண்டு. புகைபோக்கியோ பின்புறக் கோபுரத்திலிருந்து சாய்ந்து வெளியே வருகிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வேறெந்தக் கப்பலோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கலுக்குப் பாரிசிலிருந்து வந்த அக்கா மகன், சொன்னபடியே டிரம்பெட்டர் நிறுவனத்தின் 350இல் ஒரு பங்கு ரிஷ்லியு கிட்டை, அதாவது ஒட்டிக் கட்டும் துண்டுகள் அடங்கிய பெட்டியை, கொண்டுவந்துவிட்டான். 1943ஆம் ஆண்டு தோற்றம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. “மாமா, துணிமணியைக் குறைத்துக்கொண்டு இதற்கு இடம் பண்ணினேன், அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்” என்றான். கூடவே கப்பலின் பழைய வரைபடங்களின் படப்பிரதிகளை ஒரு பென்டிரைவில் கொடுத்தான்.

700இல் ஒரு பங்கு அளவை ஏன் விட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கப்பலின் நீளம் 247.85 மீட்டர். 700இல் ஒரு பங்கானால் 354 மி.மீ.; மேசை மூலையில் அடங்கிவிடும். 350இல் ஒரு பங்கானால் 708 மி.மீ., அகலம் 94 மி.மீ. ஒரு மீட்டர் உயரத் தடுப்புக் கம்பி சிறிய அளவில் ஒன்றரை மி.மீ.கூட வராது, பெரிய அளவில் ஏறத்தாழ மூன்று மி.மீ. அறுபதை நெருங்கும் என் கண்ணுக்கு அந்த ஒன்றரை மி.மீ. வேறுபாடு சிறியதல்ல.

வரைபடத்தில் எல்லாப் பெயரும் பிரெஞ்சில் இருக்கின்றன. சுழல்மேடைக்குத் தூரெல், இடப்புறத்துக்குப் பாபோர், வலப்புறத்துக்குத் திரிபோர். பள்ளியில் படித்த பிரெஞ்சு இத்தனை ஆண்டுக்குப் பிறகு ஒரு வேலைக்கு உதவுகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பக்கவாட்டு வரைபடத்தை 350இல் ஒரு பங்கு அளவுக்குச் சரிசெய்து, பெரிய தாளில் அச்சிட நகரத்தில் ஒரு கடையில் கொடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து சுவரில் ஒட்டி அழகு பார்த்த பிறகே எஃகு அளவுகோலை வைத்தேன். 708 இருக்க வேண்டிய இடத்தில் 687. தாளின் ஓரத்துக்குள் அடங்கட்டும் என்று இயந்திரம் தானாகவே மூன்று விழுக்காடு சுருக்கிவிட்டது. கடைப் பையன் திரையில் இருந்த அந்தத் தேர்வைக் கவனிக்கவில்லை. சொல்லி அனுப்ப நானும் மறந்துபோனேன். இருபது ஆண்டுகள் ஐ.டி.ஐ.யில் வரைகலை நடத்தியவன், வரைபடத்தில் ஓர் அளவுக்கோடு போடாமல் அச்சுக்குக் கொடுத்தேன் என்று என் மாணவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது?

நேற்று 100 மி.மீ. கோடு ஒன்றை நெடுக்கிலும் ஒன்றைக் குறுக்கிலும் வரைந்து மறுபடி அச்சிட்டு வாங்கினேன். இரண்டும் சரியாக இருக்கின்றன. ஆனாலும் நம் ஊர் ஈரக்காற்றில் தாள் நீளும், அதுவும் இரு திசையிலும் ஒரே அளவாக நீளாது. ஆகவே தாளின் மேல் கவராயத்தை வைத்து அளவெடுக்கப் போவதில்லை. வரைபடம் எது எங்கே இருக்கிறது என்று காட்டட்டும். எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டு எஃகு அளவுகோலில் எடுத்துக்கொள்வேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒரு கப்பலை மாதிரியாகச் செய்ய முடியாது, ஒரு குறிப்பிட்ட நாளில் அது இருந்த தோற்றத்தைத்தான் செய்ய முடியும் என்பது எம்டனில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 1940இல் இருந்த ரிஷ்லியு வேறு. அப்போது பின்தளத்தில் கடல் விமானங்களும் அவற்றை வீசியெறியும் சாதனங்களும் இருந்தன. அந்த ஜூலையில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியிலிருந்து வந்த விமானத்தின் டார்பிடோ அதன் பின்பகுதியைப் பிளந்தது. (அந்த ஹெர்மிஸ் 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டு, இன்றும் மட்டக்களப்புக்கு அருகே கடலடியில் கிடக்கிறது.) செப்டம்பரில் சுடும்போது அதன் சொந்தப் பீரங்கிகளே சில வெடித்துச் சிதைந்தன. 1943இல் நியூயார்க்கில் பழுதுபார்த்தபோது, தங்கைக் கப்பலான ழான் பாரின் பீரங்கிகளைக் கொண்டுவந்து அந்தக் குறையைச் சரிசெய்தார்கள். விமானச் சாதனங்களை எடுத்துவிட்டு, நான்கு குழல்கள் கொண்ட 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கி மேடைகள் 14ஐயும், 20 மி.மீ. ஓர்லிகான் பீரங்கிகள் ஏறத்தாழ ஐம்பதையும் ஏற்றினார்கள்.

ஆகவே நாளைத் தீர்மானிக்காமல் பின்தளத்தில் ஒரு துண்டைக்கூட ஒட்ட முடியாது. சுமத்திராவின் சபாங் துறைமுகத்தை ரிஷ்லியு தன் பீரங்கிகளாலேயே தாக்கிய 1944 ஜூலை 25ஐ எடுத்துக்கொண்டால் குழல்களை உயர்த்தி வைக்கலாம், பார்ப்பவர்களுக்கும் விறுவிறுப்பாக இருக்கும். நான் எடுத்துக்கொண்டது அதே சபாங்கின் மீது விமானத் தாக்குதல் நடத்த, ஏப்ரல் 16 அன்று திருகோணமலையிலிருந்து கூட்டுப்படை புறப்பட்ட நாளை. குழல்கள் கிடையாக, கப்பல் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். எட்டுக் குழல்களும் ஒரே மட்டத்தில் நிற்பதே இந்தக் கப்பலின் அழகு என்பது என் கட்சி.

போஃபர்ஸ் மேடை ஒன்றுக்கு இருபது துண்டு என்று வைத்துக்கொண்டாலும் பதினான்குக்கு 280 துண்டு. அவற்றை ஒரே மூச்சில் செய்தால் அலுப்பில் கை தவறும். வாரத்துக்கு இரண்டு என்று நாட்காட்டியில் குறித்துவிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

பித்தளைக் களிம்புக்கு வழி கேட்டு, எங்கள் தெருமுனையில் நகைப்பட்டறை வைத்திருக்கும் பத்தரிடம் போனேன். தடுப்புக் கம்பிச் சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதென்ன சார், எறும்புக்குக் கொலுசா?” என்றார். பிறகு சட்டத்தின் ஓரத்தில் வீணாகப் போகும் ஒரு கீற்றை வெட்டி, பாதியைச் சாமணத்தில் பிடித்து, ஊதுகுழல் சுடரைத் தொட்டும் தொடாமலும் காட்டினார். மங்கலாகச் சிவந்ததும் விலக்கித் தண்ணீரில் போட்டார். அந்தப் பாதி நூல் போலத் துவண்டது. சூடு காட்டாத மறுபாதி விரலால் வளைத்துவிட்டால் நிமிர்ந்துகொண்டது.

“வளைக்கிற உருப்படிக்கு மட்டும் சூடு காட்டுங்க. நேரா நிக்கிற கம்பிக்குக் காட்டினீங்கன்னா முறுக்கு போயிடும், அப்புறம் அலை அலையாத்தான் நிக்கும்” என்றார். எம்டனின் கம்பிகள் ஏன் குடிகாரனைப் போலத் தள்ளாடின என்பது மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு விளங்கியது. எங்கோ படித்துவிட்டு நான் எல்லாவற்றுக்குமே சூடு காட்டியிருந்தேன்.

களிம்புக்கு அவர் சொன்னது நம் வீட்டு வைத்தியம். புளித்தண்ணீரில் சற்று நேரம் போட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரிலும் பிறகு நல்ல தண்ணீரிலும் அலசி, உடனே உலர்த்திவிட வேண்டும். அதன்பின் வெறும் விரல் படக் கூடாது. உலர்ந்த அன்றே பிரைமர் அடிப்பது என்பதை நான் சேர்த்துக்கொண்டேன். பழைய சாமணம் ஒன்றையும் கொடுத்தனுப்பினார். காசு வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்காரி புளிக்கு மட்டும் கணக்குக் கேட்டிருக்கிறாள்.

மார்ச் 13, வியாழன்

நேற்று மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகளைப் பார்த்துவிட்டு, கூட்டம் கலையும்வரை அலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மீட்டர் அலை என் அளவில் மூன்று மி.மீ.க்கும் குறைவு. கரையில் உடையும் நுரையைப் பார்த்து ஆழ்கடலைச் செய்யக் கூடாது என்பதால், தூரத்தில் போன விசைப்படகின் முன்முனையான அணியத்திலிருந்து இருபுறமும் விரிந்த நீர்க்கோடுகளையே கவனித்தேன்.

கப்பலை நீர்மட்டத்தோடு அறுத்துவிடலாமா, முழு உடலையும் தாங்கியில் நிறுத்தலாமா என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்தது. அறுக்கப் போவதில்லை. மரைன் பிளைவுட்டில் கப்பலின் வடிவத்துக்கே ஒரு பள்ளம் வெட்டி, கப்பலை அதில் நீர்மட்டம்வரை இறக்கிவிட்டால், கடலும் கிடைக்கும், உடலும் பிழைக்கும். பலகையின் விளிம்புகள் நான்கிலும் வார்னிஷ் இரண்டு பூச்சு; தண்ணீர் நுழைந்தது விளிம்பு வழியாகத்தான். கண்ணாடிப் பெட்டியின் உள்நீளம் 85 செ.மீ., அது நிற்கப் போவது தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் மேசைமேல் கண்ணாடித் தகட்டை வைத்து, கப்பல் உடலை அதன்மேல் அசையாமல் நிறுத்தினேன். உண்மைக் கப்பல் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்துக்கு நீரில் அமிழ்ந்து நிற்கும். என் அளவில் 28 மி.மீ. அந்த உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை உப்புத்தாளில் தேய்த்துக் கொண்டுவந்து, அதன் தலையில் பென்சிலைப் படுக்கவைத்துக் கட்டினேன். கப்பலை ஆட்டாமல் கட்டையை மட்டும் கண்ணாடிமேல் நகர்த்திக்கொண்டே உடலைச் சுற்றி வந்தேன். அணியத்தில் தொடங்கிய கோடு சுற்றிவந்து அணியத்திலேயே சேர்ந்தபோது அரை மி.மீ. விலகியிருந்தது. கண்ணாடிக்கு அடியில் ஒரு பென்சில் சீவல் கிடந்திருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி போட்ட கோடு சரியாகச் சேர்ந்தது.

வார்ப்பச்சின் எண்ணெய்ப்பசை போகப் பாத்திரம் கழுவும் சோப்பில் உடலைத் தேய்த்து அலசி, தூசி படாமல் துணி மூடி நிழலில் வைத்திருக்கிறேன். ஈரம் மிகுந்த வேளையில் வண்ணம் தெளித்தால் வெள்ளை பூத்துவிடும். சித்திரை வெயிலிலோ தெளித்த துளி பரப்பில் விழுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகிவிடும். இரண்டுக்கும் நடுவே எனக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கடற்காற்று வீசத் தொடங்குவதற்கு முன், முற்பகல் பதினோரு மணிக்கு, ஈரப்பதமானி 62 விழுக்காடு காட்டியது. நாளையும் அதே அளவு இருந்தால் முதல் பிரைமர்.