சத்தமில்லாத சண்டைகள்

மார்ச் 3, திங்கள்

இந்த வாரம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மௌனப் படம், அதுவும் புருஷன் பெண்டாட்டி கதை மட்டும். தேர்வு என்னுடையது, பாதியில் நிறுத்தும் உரிமை இவளுடையது.

முதலில் 1912இல் வந்த 'எ க்யூர் ஃபார் போக்கரைட்டிஸ்'. ஜான் பன்னி, ஃப்ளோரா ஃபின்ச் ஜோடி. அவர் பீப்பாய், அந்தம்மா ஒட்டடைக் குச்சி. பக்கத்தில் நிறுத்தினாலே பாதிச் சிரிப்பு வந்துவிடும். சீட்டாட்டத்தை விட்டேன் என்று சத்தியம் செய்தவர், சங்கக் கூட்டம் என்று பொய் சொல்லிக் கிளம்புகிறார். தூக்கத்தில் உளறி மாட்டிக்கொள்கிறார். மனைவியின் உறவுக்காரப் பையன் தன் பைபிள் வகுப்புக் கூட்டாளிகளுக்குப் போலீஸ் வேஷம் போட்டு ஆட்டத்தை மடக்குகிறான். சாப்ளினுக்கு முன்பே உலகம் அறிந்த முகம் பன்னி. 1915இல் போய்விட்டார்.

இவள் கேட்டாள்: "பொண்டாட்டின்னா வார்டன்தானா?"

மார்ச் 4, செவ்வாய்

ஹெரால்ட் லாயிடின் 'ஹாட் வாட்டர்' (1924). கை நிறையப் பொட்டலங்கள், பரிசாக விழுந்த ஓர் உயிர் வான்கோழி, கூட்டம் பிதுங்கும் டிராம். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே பார்க்கலாம். பிற்பாதியில் மாமியாருக்கு மயக்க மருந்து கொடுத்து, செத்துவிட்டாளோ என்று நடுங்குகிறான். அவளுக்குத் தூக்கத்தில் நடக்கும் வியாதி. பேய் என்று நினைத்து ஓடுகிறான். மாமியார் வந்தாலே சிரிக்க வேண்டும் என்ற கணக்கு எல்லா ஊரிலும் உண்டு போல. எனக்கு அலுத்துவிட்டது.

மார்ச் 5, புதன்

படம் இல்லை. ஆன்லைனில் வாங்கிய புத்தக அலமாரி பலகை பலகையாக வந்தது. பூட்டி முடித்தபோது நான்கு ஸ்க்ரூ மிச்சம். வாக்குவாதம். லேசாக இடப்பக்கம் சாய்கிறது.

மார்ச் 6, வியாழன்

சார்லி சேஸ் நடித்த 'மைட்டி லைக் எ மூஸ்' (1926), லியோ மெக்கேரி இயக்கம். அவனுக்குத் தெற்றுப்பல், அவளுக்குப் பெரிய மூக்கு. இரண்டு பேரும் மற்றவருக்குத் தெரியாமல் சரிசெய்துகொள்கிறார்கள். வழியில் சந்திக்கிறார்கள், அடையாளம் தெரியவில்லை. சொந்தப் பெண்டாட்டியோடு கள்ளக் காதல்! முதலில் விஷயம் புரிவது அவனுக்குத்தான். உடனே பழைய பல்லை மாட்டியும் கழற்றியும், கணவனாகவும் காதலனாகவும் மாறி மாறித் தன்னோடு தானே சண்டை போடுகிறான். டிரிக் ஷாட் தேவைப்படாத இரட்டை வேடம்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அவனும்தானே தப்புப் பண்ணினான்? அவளை மட்டும் ஏன் அழவிட வேண்டும்?

மார்ச் 7, வெள்ளி

'ஃபேட்டி அண்ட் மேபல் அட்ரிஃப்ட்' (1916). புதுத் தம்பதி குடியிருக்கும் கடலோர வீட்டையே வில்லன் கடலில் மிதக்க விடுகிறான். அதற்கு முன் ஒரு காட்சி: மேபல் தூங்குகிறாள். ஃபேட்டியாக நடிக்கும் ஆர்பக்கிளின் நிழல் மட்டும் சுவரில் மெல்லக் குனிந்து, அவள் முகத்தின் மேல் விழுந்து, முத்தமிட்டு விலகுகிறது. அத்தனை பெரிய உடம்புக்கு அவ்வளவு லேசான நிழல். ரீவைண்ட் செய்து இன்னொரு தரம் பார்த்தோம்.

மார்ச் 9, ஞாயிறு

கடைசிக்கென்று வைத்திருந்த 'ஒன் வீக்' (1920). அந்த ஆர்பக்கிளிடம் சினிமா கற்ற பஸ்டர் கீட்டனின் படம். கதை நகர்வதே தினசரி காலண்டர் தாள் கிழிவதில்தான். கல்யாணப் பரிசாக வருவது பெட்டிகளில் அடைத்த வீடு; எண்படி பூட்டினால் போதும். பழைய போட்டியாள் எண்களை மாற்றி எழுதிவிட, கோணல்மாணலாக ஒரு வீடு எழும்புகிறது. கிரகப்பிரவேசம் 13ஆம் தேதி, வெள்ளிக்கிழமை! புயலில் வீடு ராட்டினமாகச் சுற்றுகிறது. நிஜமாகவே சுழல்மேடை மேல் கட்டிய வீடு அது.

சிபில் சீலிதான் மனைவி. குளிக்கும்போது சோப்பு தொட்டிக்கு வெளியே விழுகிறது. நம்மைப் பார்க்கிறாள். உடனே ஒரு கை வந்து கேமராவை மூடுகிறது. எடுத்ததும் சோப்பு அவள் கையில், முகத்தில் குறும்பு.

மனை மாறிவிட்டது என்று தெரிந்து வீட்டை இழுத்துப் போகும்போது தண்டவாளத்தில் சிக்குகிறது. இருவரும் சேர்ந்தே தள்ளுகிறார்கள். ரயில் வருகிறது, கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். பக்கத்துத் தடத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்பதற்குள் எதிர்த்திசையில் இன்னொரு ரயில்.

இவள் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். "இவ ஒருத்திதான் கடைசி வரைக்கும் அவனைத் திட்டவே இல்ல, கவனிச்சீங்களா?"

இடிபாட்டில் 'விற்பனைக்கு' பலகையை மாட்டிவிட்டு, பூட்டும் முறைத் தாளையும் அதிலேயே சொருகிவிட்டு, கைகோத்து நடந்துபோகிறார்கள்.

எங்கள் அலமாரிக்கான தாளைத் தேடினேன். அதன் பின்பக்கம் இவள் பால் கணக்கு எழுதி வைத்திருந்தாள்.