இம்மி

ஜனவரி 9

அப்பாவின் ரத்தத்தில் ஆக்சிஜன் 88. இரவு முழுவதும் 88.

ஜனவரி 10

மூச்சுக்கான முகமூடி போட்ட பிறகு 91. அதன் விளிம்பு அழுத்தி அப்பாவின் மூக்குத் தண்டு சிவந்துவிட்டது. அடியில் ஏதாவது மெத்தென்று வைக்கச் சொன்னேன். வைக்கிறோம் என்றார்கள். மாலையிலும் வைக்கவில்லை.

எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருது பற்றிய கட்டுரைத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு வெளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். 25ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஒரு வரிகூட ஓடவில்லை.

ஜனவரி 12

பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள். முகமூடியோடு பேச முடியாது. என் உள்ளங்கையில் விரலால் எழுதினார். "என்ன படிக்கிறாய்?"

சொன்னேன். 1949 ஜனவரி 25, செவ்வாய்க்கிழமை இரவு, ஹாலிவுட் அத்லெடிக் கிளப். டிக்கெட் ஐந்து டாலர். முதல் எம்மி விருது விழா. மொத்தம் ஆறே விருதுகள், அதுவும் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார நிகழ்ச்சிகளுக்கு மட்டும். விழாவை ஒளிபரப்பியது கேடிஎஸ்எல் என்ற உள்ளூர் நிலையம். பெயர் வந்த கதையையும் சொன்னேன். ஐகானோஸ்கோப் என்ற பழைய டிவி குழாயை நினைத்து முதலில் 'ஐக்' என்று வைக்கப் பார்த்தார்கள். அமெரிக்கத் தளபதி ஐசனோவருக்கு அந்தச் செல்லப்பெயர் இருந்ததால் விட்டுவிட்டார்கள். பிறகு ஹாரி லப்கே என்ற எஞ்சினியர் 'இம்மி' என்றார். இமேஜ் ஆர்த்திகான் என்ற குழாயைத் தொழிலில் இருந்தவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். சிலை பெண்ணுருவம் என்பதால் இம்மி, எம்மி ஆனது.

"அது ஒரு பிக்சர் டியூப் அப்பா" என்றேன்.

தலையை அசைத்தார். கையைப் பிடித்து இழுத்து, அழுத்தி எழுதினார். கேமரா.

அவர் சொன்னதுதான் சரி. ஆர்த்திகான் வீட்டுப் பெட்டிக்குள் இருப்பதல்ல, கேமராவுக்குள் இருப்பது. முப்பது வருடம் டிவி பெட்டிகளைப் பிரித்துப் பூட்டிய கை அது. வெளியே வந்ததும் தாளில் திருத்தினேன்.

ஜனவரி 13

அண்ணனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லையாம்.

ஜனவரி 14

அந்த முதல் எம்மி விழாவில் தொலைக்காட்சி ஆளுமைக்கான விருது ஷெர்லி டின்ஸ்டேலுக்கு. எம்மி விருதுகளில் முதலில் வழங்கப்பட்டதே அதுதான். பெரிய நடிகை இல்லை. உதடு அசையாமல் பொம்மையைப் பேசவைக்கும் இளம்பெண். பொம்மையின் பெயர் ஜூடி ஸ்பிளிண்டர்ஸ். ஷெர்லிக்குச் சின்ன வயதில் மோசமான தீக்காயம். அதிலிருந்து தேறிவரும் காலத்தில் பற்றிக்கொண்ட வித்தை இது. புண்பட்டுக் கிடந்த குழந்தை தன் குரலை இன்னொரு வாய்க்குக் கொடுத்துப் பழகியிருக்கிறாள். இதை எத்தனை முறை படித்துவிட்டேன்!

இன்று அப்பாவின் உதடுகள் முகமூடிக்குள் அசைந்தன. குரல் வரவில்லை. தண்ணீரா, அம்மாவா, என்னவென்று புரியவில்லை. "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். புரியாமல் தலையாட்டினேன். அவருக்கு அது தெரிந்திருக்கும்.

ஜனவரி 16

ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகிறது. நாளை காலைக்குள் இறங்காவிட்டால் தொண்டைக்குள் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். படிவத்தை நீட்டினார்கள்.

குழாய் போட்டால் உதடும் அசையாது. மயக்கத்தில் வைப்பார்கள், உள்ளங்கையில் எழுதவும் மாட்டார். எழுபத்து நான்கு வயதில் குழாய் போட்டவர்கள் எத்தனை பேர் அதைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்டேன். "ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி அம்மா" என்றார். அக்காவிடம் போனில் கேட்டேன். நீ என்ன முடிவெடுத்தாலும் சரி என்கிறாள். முடிவெடுக்க நான் யார்? போடாவிட்டால் நான் மூச்சை நிறுத்தியவளாவேன், போட்டால் பேச்சை நிறுத்தியவளாவேன். அவரிடமே கேட்கலாம். கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

அந்த விழாவில் மக்களின் அபிமான நிகழ்ச்சியாகத் தேர்வானது, வாய் திறக்காமல் சைகையால் காட்டிக் கண்டுபிடிக்க வைக்கும் ஒரு விளையாட்டு. இதையெல்லாம் ஏன் இப்போது நினைக்கிறேன்?

இரவு 11 மணி. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஜனவரி 17

இறங்கியிருக்கிறது. இம்மியளவுதான். ஆனாலும் இறங்கியிருக்கிறது.

குழாய் வேண்டாம்.

ஜனவரி 20

இரண்டு மணி நேரம் முகமூடி இல்லாமல் இருந்தார். மூச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "தாத்தா, பூவை முகருங்கள். இப்போது உதட்டைக் குவித்து விளக்கை ஊதுங்கள். விளக்கு அணையக் கூடாது, ஆட வேண்டும், அவ்வளவுதான்" என்று தன் உதட்டைக் குவித்துக் காட்டினாள். அப்பா அவள் வாயையே பார்த்தபடி ஊதினார். 89, 90, 92.

ஷெர்லி 1953க்குப் பிறகு மேடையை விட்டுவிட்டார். நடுவயதில் மறுபடியும் கல்லூரிக்குப் போய் சுவாச சிகிச்சை படித்தார். 1973இல் நியூயார்க் மாநிலத்தின் போர்ட் ஜெபர்சனில், ஒரு மருத்துவமனையில் அதற்கென ஒரு துறையையே தொடங்கி, 1986 வரை நடத்தினார். முதல் எம்மியை வாங்கியவர் பதின்மூன்று வருடம் மூச்சுத் திணறுகிறவர்களின் கட்டிலருகே வேலை பார்த்திருக்கிறார். விருதை வாங்கிய கையைவிட அந்தக் கையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கட்டுரையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எழுதி வைத்த நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

ஜனவரி 22

மூக்கில் புண். கடைசியில் இன்றுதான் மருந்து போட்டார்கள்.

ஜனவரி 23

சிலையை வடித்தவர் லூயிஸ் மெக்மேனஸ். அதற்கு முன் 47 வடிவங்களைத் தள்ளிவிட்டார்களாம். தன் மனைவியையே மாதிரியாக வைத்துச் செய்தார். இறக்கை கலைக்கு, கையில் ஏந்திய அணு அறிவியலுக்கு. ஆறாவது விருது அவருக்கே.

அம்மா இருந்திருந்தால் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசியிருப்பாள்?

ஜனவரி 25

வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னலோரப் படுக்கை. கட்டுரை கொடுக்கவில்லை, பிப்ரவரி வரை அவகாசம் கேட்டிருக்கிறேன்.

சாயங்காலம் பதினாறு நாளுக்குப் பிறகு குரல். கரகரவென்று, ஒவ்வொரு சொல்லாக.

"அந்தப் பெண்ணின் பொம்மை. வாய் எப்படி அசையும்?"

தெரியவில்லை என்றேன்.

"ஸ்பிரிங் இருக்கும். பின்னால் ஒரு நெம்புகோல்." மூச்சு வாங்கினார். உதட்டைக் குவித்து ஊதினார். "யார் செய்தது?"

"அவளுடைய அப்பா. ஓவியர்."

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு காகிதமும் பென்சிலும் கேட்டார்.

ஜனவரி 26

பென்சில் எடுத்துவர மறந்துவிட்டேன். 93. நாளை கட்டாயம்